பென்டிரைவில் கிடக்கும் கூட்டங்கள்: டெல்டா விவசாய சங்கங்களுக்கு ஒரு வீடியோகாரரின் திறந்த மடல்

டெல்டா மாவட்டங்களின் விவசாய சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கேமரா உறைக்குள் தூங்கும். அந்த மாதங்களில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். அதற்கான நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே கொஞ்சம் சண்டை இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சங்க அலுவலகத்துக்குப் பாக்கி வாங்கப் போனேன். செயலாளர் அண்ணன் ரசீதுப் புத்தகத்தைத் தேடி மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே ரப்பர் ஸ்டாம்ப், காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடு, ஒரு நூல்கண்டு, ஓரத்தில் ஐந்து பென்டிரைவ். ஐந்தும் நான் கொடுத்தவை. மேலே ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கசங்கவில்லை. "யாராவது போட்டுப் பாத்தாங்களாண்ணே?" என்று கேட்டேன். "பேப்பருக்குத்தான் போட்டோ குடுத்தாச்சேப்பா" என்றார்.

ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று மணி நேரக் கூட்டம். முதல் ஒரு மணி பத்து நிமிடம் வரவேற்பும் சால்வையும். அடுத்து தலைமையுரை, முன்னிலை வகித்தவர்கள் உரை. இரண்டு மணி நேரம் தாண்டிய பிறகு பந்தலின் கடைசி வரிசையிலிருந்து யாரோ பேசுகிற சத்தம். என் கேமரா மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேடையில் இருப்பவர் தலையை ஆட்டி, "ஆமாங்கய்யா, அந்த மதகு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்கணும்" என்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. எந்த மதகு, என்ன விஷயம்? மூன்று தடவை பின்னால் ஓட்டிக் கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் கைதட்டிய ஒரே பேச்சு அதுதான், அது மட்டும் பதிவாகவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, அதை மறைக்கவில்லை. ஆனால் கேமராவை எங்கே திருப்ப வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. சால்வை போடும்போது மட்டும் "தம்பி, எடுத்தியா?" என்று கேட்டார்கள்.

அதே கூட்டத்துக்கு எங்கள் சித்தப்பா வரவில்லை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் அவருக்கு ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதியே திறந்தாலும், தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அப்புறம் ஆற்றிலிருந்து பிரிகிற ஏ வாய்க்கால், அதிலிருந்து பிரிகிற பி வாய்க்கால் என்று இறங்கி அவர் வயலுக்கு வருவதற்குள் அக்கம்பக்கத்தில் நாற்று முற்றிவிடும். அதிலும் முறை வைத்து விடுகிற காலத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு ராத்திரி. உங்கள் கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவர் முறை அன்று ராத்திரி. மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிறவர் எப்படி வருவார்? கூட்டத்தில் பேசியதோ முழுக்க அவருடைய வாய்க்கால் தூர்வாராத கதை.

ஆக, கூட்டம் யாருக்காக நடக்கிறதோ அவர் கூட்டத்தில் இருப்பதில்லை. நடவுக்குப் போன பெண்கள் இருப்பதில்லை. சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருந்துகொண்டு, பட்டா தன் பேரில் இருக்கிறதே என்று "இன்சூரன்ஸ் கட்டியாச்சாப்பா?" என்று போனில் விசாரிக்கிற பிள்ளைகள் இருப்பதில்லை. வீடியோ எடுத்தால் அவர்களுக்காக எடுக்க வேண்டும். மேடையில் இருந்தவருக்குத் தான் பேசியது என்னவென்று தெரியும், வீடியோ தேவையில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

இது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவைக்கு ஏற்ற ரகம். திருச்சி வானொலி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சிகள் அதைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தன. அதைக் கேட்டுவிட்டு வந்த தஞ்சாவூர் விவசாயிகள் விதைக்கு வைத்த பெயர் "ரேடியோ நெல்". ரகத்தின் எண் ஞாபகம் இருந்ததோ இல்லையோ, எங்கிருந்து கேள்விப்பட்டோம் என்பது ஞாபகம் இருந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அந்த ரேடியோவில் மேடை கிடையாது, வாழை மரம் கட்டவில்லை, முகம்கூடத் தெரியாது. குரல் தெளிவாக இருந்தது, சொன்ன விஷயம் வயலுக்கு உதவியது, குறித்த நேரத்துக்கு வந்தது. போதாதா?

அதனால் சத்தத்தைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். வீடியோகாரன் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். பட்டுத் தெரிந்துகொண்டது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. அந்த நாட்களில் ஒரு ஊரில் கூட்டம் போட்டார்கள். விழுந்த தென்னைகளை எப்படிக் கணக்கெடுத்தோம், எந்தத் தோப்பில் எத்தனை, கணக்கெடுக்க வந்தவர்கள் எதை விட்டார்கள் என்று ஒரு பெரியவர் சிட்டையைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, மனப்பாடமாகச் சொன்னார். நான் இருபது நிமிடமும் அசையாமல் எடுத்தேன். அழகான வெளிச்சம், பெட்ரோமாக்ஸ் மஞ்சளில் அந்த முகம். வீட்டுக்கு வந்து கேட்டால் டுடுடு என்று ஜெனரேட்டர். கேமராவுக்கு நாலடி பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, எடுக்கிற மும்முரத்தில் என் காது அதை வாங்கவே இல்லை. கேமராவின் மைக் மட்டும் வாங்கியது. நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர்கள் அந்தப் பதிவைக் கேட்டு வந்தார்கள். முகத்தைக் காட்டினேன். குரலைக் காட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் கூட்டத்துக்கு வந்தால் முதலில் மேடைக்குப் போவதில்லை, மைக் செட் அண்ணனிடம் போகிறேன். அவருடைய அஹுஜா ஆம்ப்ளிஃபயரைத் திருப்பினால் பின்பக்கம், தூசி படிந்து, லைன் அவுட் என்று ஒரு துளை இருக்கும். பத்து வருடமாக அதில் யாரும் எதையும் சொருகியிருக்க மாட்டார்கள். சட்டை நுனியால் துடைத்து, ஒரு ஒயரைச் சொருகி, என் சின்ன ரெக்கார்டரில் கொடுப்பேன். "அலோ, மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ" என்று அண்ணன் சொல்லும்போது ரெக்கார்டரில் முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வேன். அவர் டெஸ்ட்டில் மெதுவாகத்தான் சொல்வார். நம் ஆட்கள் பேச ஆரம்பித்தால் மைக்கைக் கடித்துவிடுவார்கள், அதனால் கொஞ்சம் கீழேயே வைப்பேன். உம்ம்ம் என்று இரைச்சல் வந்தால் ஜெனரேட்டருக்கு எர்த் சரியில்லை என்று அர்த்தம். ரெக்கார்டரைக் கரண்டில் போடாமல் பேட்டரியில் ஓட்டினால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். அவ்வளவுதான் வேலை. ஐந்து நிமிடம், ஒரு ஒயர், அண்ணனுக்கு ஒரு டீ. ஆம்ப்ளிஃபயருக்குள் போன குரல் ஃபேன் சத்தம் இல்லாமல், கூம்பு ஸ்பீக்கரின் எதிரொலி இல்லாமல், அப்படியே எனக்கு வந்துவிடும்.

ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் போனால்தானே? கீழே உட்கார்ந்திருப்பவர் மைக் இல்லாமல் எழுந்து பேசினால் லைன் அவுட்டும் ஒன்றும் செய்யாது. மேலே சொன்ன மதகுக் கதை அதுதான். மேடைக்கு மூன்று மைக், கீழே ஒன்றுமில்லை என்பது நம் கூட்டங்களின் வழக்கம். இதை மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு கார்ட்லெஸ் மைக்கை ஒரு பையன் கையில் கொடுத்து, யார் எழுந்தாலும் ஓடிப்போய் நீட்டச் சொல்லுங்கள். பையன் கிடைக்கவில்லையா, மேடையில் இருப்பவர் பதில் சொல்வதற்கு முன் கேள்வியை ஒரு தடவை தன் மைக்கில் திருப்பிச் சொல்லட்டும்: "அய்யா கேட்கிறது, இந்த ஊரு பி வாய்க்கால் மதகுக்கு ஷட்டர் பலகை இல்லைங்கிறார்." இது பழகிவிட்டால் பதிவுக்கும் நல்லது, பின்வரிசையில் காது மந்தமானவர்களுக்கும் நல்லது. பேசுகிறவர் ஊர் பெயரையும் வாய்க்கால் பெயரையும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நன்றியுரை வாசிக்கிற குரலிலேயே ஒரு அறிவிப்பு கொடுங்கள், போதும்.

இன்னொரு சங்கடம் என் பக்கத்தில். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும். முப்பது நிமிடம் எடுத்தால் ஐரோப்பாவில் அது வீடியோ கேமரா என்ற கணக்கில் அப்போது கூடுதல் சுங்க வரி இருந்தது, அதற்குப் பயந்து கம்பெனிக்காரர்கள் வைத்த அளவு. எங்கோ ஐரோப்பியச் சுங்க வரிக்காகத் திருத்துறைப்பூண்டியில் ஒருவர் பேச்சு பாதியில் அறுந்த கதையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். தாலி கட்டுவதற்கு முப்பது நிமிடம் ஆகாது, அதனால் கல்யாணத்தில் இது தெரிவதில்லை. கூட்டத்துக்கு வருகிற வீடியோகாரரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். எப்படியும் தனியாக ஒரு ரெக்கார்டர் ஓடினால் கேமரா நின்றாலும் குரல் நிற்காது. ரெக்கார்டர் இல்லையென்றால் ஒரு பழைய செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மேடை மேஜையில் துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். மேஜையைத் தட்டுகிற சத்தம் துண்டில் அடங்கிவிடும்.

சரி, எடுத்தாயிற்று. மூன்று மணி நேரத்தையும் அப்படியே யூடியூபில் ஏற்றி "மாபெரும் விவசாயிகள் எழுச்சிக் கூட்டம் பாகம் 2" என்று தலைப்பு வைத்தால், டிராயரில் கிடந்தது இப்போது இணையத்தில் கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் சித்தப்பா எழுச்சியைத் தேட மாட்டார். "மூட்டை ஈரமா இருக்குன்னு திருப்பி அனுப்பினா என்ன பண்றது" என்று தேடுவார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்ற வரம்பைப் பற்றி உங்கள் கூட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நாலு நிமிடம் பேசியிருப்பார். எந்த வருடம் தளர்த்தினார்கள், தளர்த்தும்போது விலையில் பிடித்தம் உண்டா, ஈரத்தை அளக்கும்போது பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பார். அந்த நாலு நிமிடம் தனித் துண்டு. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தருகிற சான்று) வாங்குவது தனித் துண்டு. ஒவ்வொரு வாய்க்கால் புகாரும் அந்த வாய்க்கால் பெயரிலேயே தனித் துண்டு. முழுக் கூட்டத்தையும் ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் கீழே எந்த நிமிடத்தில் எது என்று பூஜ்யத்திலிருந்து தொடங்கி நேரம் போட்டு எழுதினால் யூடியூபே அதை அத்தியாயமாகப் பிரித்துக் காட்டும். ஆனால் ஊருக்குள் சுற்றப்போவது துண்டுகள்தான், அதுவும் வாட்ஸ்அப்பில்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. நான் எடுக்கிற தரத்தில் ஒரு மணி நேர வீடியோ 10 ஜிபியைத் தாண்டும். அதே ஒரு மணி நேரத்தைக் குரலாக மட்டும் பிரித்தால் 30 எம்பிக்குள் அடங்கும். டிராக்டரில் உட்கார்ந்து சேடை ஓட்டுகிறவர் வீடியோ பார்க்க முடியாது, கேட்க முடியும். நடவுக்குப் போகிற பெண்கள் வேனில் போகும்போது ஒரு போனைச் சத்தமாக வைத்து எல்லோரும் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான், இருக்கட்டும், நடுவில் கூலி பற்றிய நாலு நிமிடமும் ஓடும். குரல் துண்டை முதலில் அனுப்புங்கள், வீடியோ பின்னால் வரட்டும்.

நேரலை வேண்டும் என்று இப்போதெல்லாம் நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கடற்கரையோரக் கிராமங்களில் சிக்னல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், நடுக்கூட்டத்தில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். செல்போனிலிருந்து யூடியூபில் நேரலை போட அந்தச் சேனலுக்கு 50 பேராவது சந்தாதாரர் இருக்க வேண்டும், முதல் தடவை அனுமதி கிடைக்க ஒரு நாள்வரை ஆகலாம். மேடை கட்டிய பிறகு சேனல் ஆரம்பிக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அதைவிட, கூட்டம் நடக்கிற அதே நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார முடிகிறவர் கூட்டத்துக்கே வந்திருப்பார். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு, சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்கிற நேரத்துக்கு, முதல் இரண்டு துண்டு போய்ச் சேர்ந்தால் அதுதான் நேரலை.

கல்யாண வீடியோவின் பழக்கங்களை உங்கள் கூட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் தொழிலுக்கு நானே வைக்கிற வேட்டுத்தான் இது. தலைவர் காரிலிருந்து இறங்குவதை ஸ்லோமோஷனில் போட்டுப் பின்னால் பாட்டு வைக்கச் சொல்கிறீர்கள். பாட்டுக்கு உரிமை உள்ளவர் யூடியூபில் புகார் கொடுத்தால் வீடியோ முடங்கும், அது ஒரு பக்கம். ட்ரோன் பறக்கவிட்டுக் கூட்டத்தின் தலைகளைக் காட்டச் சொல்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு கார்ட்லெஸ் மைக் வாங்கலாம். ஒரே ஒரு தடவை ட்ரோன் உதவியது. வாய்க்காலை வெங்காயத்தாமரை எங்கிருந்து எங்கேவரை அடைத்திருக்கிறது என்று மேலிருந்து காட்டினோம். வரப்பில் நின்று எடுத்தால் பச்சையாக அழகாக மட்டும் தெரியும்.

இனி எழுதப்போவதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் குத்தகைதாரர் ஒருவர் எழுந்து பேசினார். பத்து வருடமாக வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்கிறார், பேப்பர் கிடையாது, அதனால் காப்பீடும் கிடையாது, நிவாரணமும் நிலத்துக்காரர் பேருக்குத்தான் போகிறது. நல்ல பேச்சு, கூட்டமே அமைதியானது. அதைத் துண்டாக வெட்டித் தயார் செய்து வைத்திருந்தேன். ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. "தம்பி, அதைப் போட்டுராதீங்க. நெலத்துக்காரரு பாத்தா அடுத்த போகம் எனக்கு இல்ல." போடவில்லை. அவர் எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்க முடியாதவர்கள் எத்தனை பேரோ? கூலி பாக்கியைச் சொல்கிற நடவுப் பெண் மறுநாள் அதே வயலில்தான் இறங்க வேண்டும். ஆகவே கூட்டம் தொடங்கும்போதே கேமரா ஓடுகிறது, இது வெளியே போகும் என்று மைக்கில் சொல்லுங்கள். முகம் வேண்டாம் என்பவர்கள் பந்தலின் இடது பக்கம் உட்காரட்டும், அந்தப் பக்கம் நான் கேமராவைத் திருப்ப மாட்டேன். குரலும் வேண்டாம் என்பவர் கையைக் காட்டினால் ரெக்கார்டரை நிறுத்திவிடுவேன். வெளியிடுவதற்கு முன் சங்கத்தில் ஒருவர், மேடையில் உட்காராத ஒருவர், முழுவதையும் கேட்டுவிட வேண்டும். வெட்டாத பதிவு ஒன்று சங்கத்தில் பத்திரமாக இருக்கட்டும். நாளைக்கு யாராவது "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றாலோ, வெட்டி ஒட்டிவிட்டான் என்றாலோ அது பேசும்.

மேடையில் இருக்கிற அதிகாரிகளுக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்பது என் கட்சி. உச்ச நீதிமன்றமே 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணையை நேரலையில் காட்டுகிறது. நம் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் அதே வருடம் ஜனவரியில் நேரலைக்கு வந்தது. அங்கே முடியும்போது, மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டம் ஏன் அறைக்குள்ளேயே முடிய வேண்டும்? முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் திருவாரூருக்கு பஸ் பிடித்துப் போய் இரண்டு நிமிடம் பேசுகிறார், "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வாங்குகிறார், ஊருக்கு வந்து சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. பதிவு செய்து வெளியிட வேண்டும் என்று சங்கங்கள் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதிக் கொடுங்கள். நிர்வாகமே எடுத்துப் போட்டாலும் சரி, நம்மை எடுக்க விட்டாலும் சரி.

கிராம சபையும் அப்படித்தான். முன்பு வருடத்துக்கு நாலு, இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு. ஆறு தடவையும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து விழுகிறது. என்ன பேசினார்கள் என்பதும் என்ன எழுதினார்கள் என்பதும் ஒன்றா என்று பார்க்க வழி இல்லை. கிராம சபைப் பதிவிலிருந்து கூட்ட நடவடிக்கைக் குறிப்பைத் தானாக எழுதித் தரும் சபாசார் என்ற ஒன்றை ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் அறிமுகப்படுத்தியிருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் ஜெனரேட்டர் சத்தத்தைக் கொடுத்தால் அது எதை எழுதும்? மறுபடியும் அந்த லைன் அவுட் துளைக்கே வந்து நிற்கிறேன், மன்னிக்க வேண்டும்.

இதையெல்லாம் இலவசமாகச் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் கேமராவுக்கு மாதத் தவணை இருக்கிறது. சால்வைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ஒதுக்குகிற தொகையில் பாதி போதும். ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு பிள்ளைகளை அனுப்பினால், ரெக்கார்டரைச் சொருகவும் செல்போனிலேயே துண்டு வெட்டவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொடுத்துவிடுவேன். அதற்குக் காசு வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் சரி. அப்புறம் சின்னக் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது.

டிராயரில் இருக்கிற பழைய பென்டிரைவ்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொடுத்தனுப்பினால், குரல் தேறுகிற இடங்களைப் பிரித்துக் கொடுக்கிறேன். அந்த மதகு எது என்று சொல்லக்கூடியவர் யாராவது அன்று கூட்டத்தில் இருந்திருந்தால் அவரையும் என்னிடம் பேசச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தேதி வைத்ததும் ஒரு நாள் முன்னதாகத் தகவல் வேண்டும், கூடவே மைக் செட் அண்ணனின் நம்பரும். அவருடைய ஆம்ப்ளிஃபயர் எந்த மாடல் என்று கேட்டு, அதற்குத் தக்க ஒயரை எடுத்து வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களை இத்தனை நாள் மேடைப் பக்கமாக எடுத்துவந்த வீடியோகாரன்